சிவாஜிநகரில் மூக்கில்லாமல்

பதினொரு மாதத்துக்கு முன் வந்த காய்ச்சல்
போகிற போக்கில் என் மூக்கையும் கொண்டுபோய்விட்டது.
மல்லியா புதினாவா என்றால்
இலையின் விளிம்பைப் பார்த்துத்தான் சொல்வேன்.
பால் கெட்டதை அடுப்பு சொல்லும்.
கேஸ் கசிந்தால் சொல்ல
சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி,
இரண்டாயிரத்து நூறு ரூபாய்.

அப்படிப்பட்டவளைத்தான்
சம்பள நாள் ராத்திரி ஒன்பதரைக்கு
தஸ்லீமா இழுத்து வந்தாள்.
"பெங்களூர்ல ஆறு வருஷம் இருந்துட்டு
இங்க வராம இருந்திருக்கியே, வந்து பாருடி."
பார்க்கலாம்.
கண்ணில் ஒன்றும் குறையில்லை.

விசிறுகிறவன் கை போய்வர
கரியிலிருந்து பொறி கிளம்பி
யாருடைய ஸ்கூட்டர் சீட்டிலோ உட்கார்ந்து அணைகிறது.
நீல விளக்குக்குக் கீழே பெரிய தட்டில்
அல்வா நடுங்குகிறது, பஸ் போகும்போதெல்லாம்.
"எஷ்டு?" என்று ஒருத்தி ஆரம்பிக்க
அவன் தமிழில் விலை சொல்ல
"நக்கோ" என்று நகர்ந்தவளை
எந்த மொழியும் இல்லாமல்
ஒரு துண்டு நீட்டித் திரும்ப வரவழைத்தான்.

சமோசாவைக் காதால் சாப்பிட்டேன்.
எண்ணெயில் இறங்கும்போது சீறல்,
பிறகு நெடுநேரம் முணுமுணுப்பு,
கடைசியில் ஒரு மௌனம் வரும்.
அந்த மௌனத்துக்கு ஒரு நொடி முன்னால்
அள்ளிவிடுகிறான் அந்தப் பையன்.
அவன் தலையைக்கூடத் திருப்பவில்லை,
கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாஹித் பாய் கடையில் கீரி.
மாட்டின் மடி என்று
மென்று முடித்த பிறகு சொன்னாள்.
"எப்படி?"
"மெத்துமெத்துன்னு. ஓரத்துல மொறுமொறு."
"டேஸ்ட்டைச் சொல்லுடி."
"சூடா இருக்கு."
உப்பும் புளிப்பும் நாக்கின் கணக்கு,
மற்றதெல்லாம் மூக்கின் கணக்கு என்று
டாக்டர் மருந்துச் சீட்டின் பின்னால் படம் வரைந்து காட்டியிருந்தார்.
அந்தப் படத்தை அவளிடம் எத்தனை முறை வரைவது?

பச்சைச் சட்னியை மட்டும் அள்ளி அள்ளித் தின்றேன்.
எரிச்சல் வாசனை ஆகாது.
ஆனாலும் வாய்க்குள்
யாரோ ஒருவர் வந்தாற்போல இருந்தது.
கண்ணில் தண்ணீர் கொட்ட,
"காரம் ஜாஸ்தி ஆயிச்சா அக்கா?" என்று பதறி
வாஹித் பாய்
மண் கிண்ணத்தில் ஃபிர்னி வைத்தார்.
காசு வேண்டாமாம்.
இனித்தது.
இனிப்பு, அவ்வளவுதான். சர்க்கரை டப்பாவும் அப்படித்தான்.

ஆட்டோ பிடிக்க ரஸ்ஸல் மார்க்கெட்டின் பின்பக்கம் போனோம்.
மீன் கடைகளைக் கழுவிவிடுகிற நேரம்.
தஸ்லீமா துப்பட்டாவை மூக்கில் அழுத்தி
"ஓடிடலாம்" என்றாள்.

எனக்குக் கால் நின்றுவிட்டது.

இடது பக்கமாக ஏதோ,
வாடகை பாக்கி வைத்தவன் கதவோரம் எட்டிப் பார்ப்பதுபோல.
முதலில் அழுகல்.
அதற்குப் பின்னால் ஐஸ் பெட்டியின் நனைந்த மரம்.
அதற்கும் பின்னால் ஒன்று, அதற்குள் போய்விட்டது.
"தஸ்லீமா, நாறுது."
"அதைத்தானே சொல்றேன்!"
"இல்லடி. நாறுது!"

நாற்றம் என்ற சொல்
ஒரு காலத்தில் பூவுக்கும் சொந்தமாக இருந்தது.
பிறகுதான் சாக்கடையோடு சேர்த்து
தள்ளி வைத்தார்கள்.

தள்ளி வைத்த இடத்திலேயே நின்றேன்,
புதுச் செருப்பில் செதில் ஒட்ட.
கழுவுகிறவர் வாளியோடு வந்து
"ஓரம் போங்கம்மா" என்றார்.
"இங்கேயே ஊத்துங்கண்ணா,
இன்னொரு வாளி."

அவர் என்னைப் பார்த்தார்,
துப்பட்டாவுக்குள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத
தஸ்லீமாவைப் பார்த்தார்.
"எந்தக் கடையில குடிச்சீங்க?" என்று கேட்டுவிட்டு
ஊற்றினார்.