பத்துப் பேர் அமரலாம்

எல் ஆல்டோ மேட்டில், கேபிள் கார் நிலைய வாசலில்
அப்பி வாங்கிக் கொடுத்தது நான்தான்.
ஊதாச் சோளத்தில் பட்டை கிராம்பு போட்டுக் காய்ச்சி
ஆவி பறக்க ஊற்றினாள் கடைக்காரி.
வேண்டாம் என்றாள் எதெல்வினா,
ராத்திரியெல்லாம் பிள்ளைக்கு உடம்பு கதகதத்தது என்றாள்.
குளிருக்கு இதமாக இருக்கட்டுமே என்றேன்.
இந்த வாக்கியத்தை
இனி சாகும்வரை கேட்பேன்.

ஒன்பது மணிக்கு லா பாஸில், வங்கியில் இருக்க வேண்டும்.
இரண்டு கையெழுத்து, அவளுடையதும் என்னுடையதும்.
பதினான்கு இருக்கை மினிபஸ், பழையது,
மூன்றாம் கியர் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்,
மற்றபடி தங்கம்.
பிள்ளையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன தங்கை
ஆறரைக்குப் போன் செய்து
அவள் வீட்டிலும் இதே கதை என்றாள்.

கேபினில் எழுதியிருக்கிறது: பத்துப் பேர் அமரலாம்.
நாங்கள் எட்டுப் பேர்.
கதவு சாத்தியது. தரை விலகியது.
கீழே தகரக் கூரைகள், காயப்போட்ட போர்வைகள்,
ஒரு மொட்டை மாடியில் நாய்.
வாய்ரா கண்ணாடியில் மூக்கை அழுத்தி
நாயைப் பார்த்துக் குரைத்தாள்.
அப்புறம் குரைப்பதை நிறுத்தினாள்.

அந்த நிசப்தம் பெற்றவர்களுக்குத் தெரியும்.

முதலாவது எதெல்வினாவின் வெள்ளைச் சட்டையில்,
நேற்று இரண்டு முறை இஸ்திரி போட்ட சட்டை.
இரண்டாவதற்கு நான் கையேந்தினேன்.
யாரும் சொல்லித் தரவில்லை,
உள்ளங்கைகள் தாமாகக் குவிந்தன,
வங்கியில் ஏந்துவதற்கென்று
காலையில் சோப்புப் போட்டுத் தேய்த்த கைகள்.
வெதுவெதுப்பாக நிறைந்தன.
கிராம்பு வாசனை அப்போதும் போகவில்லை,
அதுதான் கொடுமை.

கேபிள் நின்றது.
பலத்த காற்று, சற்றுப் பொறுங்கள் என்றது ஒலிபெருக்கி.
நேர் கீழே கல்லறைத் தோட்டம்.
அடுக்கடுக்காகக் கண்ணாடிக் கதவு போட்ட மாடங்கள்,
உள்ளே
எந்த அவசரமும் இல்லாதவர்கள்.

எதிரே ஹெட்போன் பையன்
இரண்டு காலையும் இருக்கைமேல் தூக்கிக்கொண்டு
கண்ணை மூடினான். அவனைக் குறை சொல்ல மாட்டேன்.
வட்டத் தொப்பி வைத்த ஒருத்தி
முதுகு மூட்டையை அவிழ்த்தாள்.
பை நிறைய உருளைக்கிழங்கு.
ஒவ்வொன்றாகத் தன் பாவாடை மடிக்கு மாற்றிவிட்டு
காலிப் பையை என் முன் விரித்தாள்.
"எனக்கு ஐந்து" என்றாள்.
பிள்ளையா, பையா என்று நான் கேட்கவில்லை.

எதெல்வினா பிள்ளையின் முடியை ஒதுக்கி, நெற்றியைத் தாங்கி,
வரட்டும் கண்ணு, வரட்டும் என்று முதுகைத் தடவினாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.
"இதமாக இருக்கட்டுமே" என்றாள், மெல்ல.
சிரித்துவிட்டோம்,
மூக்கைப் பொத்தக்கூடக் கை இல்லாமல்.

வங்கியில் என் ஸ்வெட்டர் அவள்மேல்,
ஜிப் கழுத்துவரை.
மேசைப் பலகையில் அதிகாரியின் பெயர் செனோபியோ.
நிமிரவே இல்லை, வட்டி விகிதம் வாசித்துக்கொண்டிருந்தார்.
மூன்றாம் பக்கத்தில் வாய்ரா
வேறொரு குரலில் அம்மா என்றாள்.
வாசிப்பதை நிறுத்தாமல்
காலால் குப்பைக்கூடையை எங்கள் பக்கம் தள்ளினார்.
சரியாக வந்து நின்றது.
பழகிய கால்.

கையெழுத்திட்டேன். நகக்கண்ணில் கத்தரிப்பூ நிறம்.
ரேகை வைக்கச் சொன்னபோது
மை வேண்டியிருக்காது போலிருந்தது.
பதினெட்டு நாளில் சொல்வார்களாம்.

இப்போது இரவு. வாய்ரா மெத்தையில் குதிக்கிறாள்,
அப்பி வேண்டுமாம்.
குளியலறை தாழிட்டிருக்கிறது, உள்ளே எதெல்வினா,
வெகுநேரமாகத் தண்ணீர்ச் சத்தம்.
கதவைத் தட்டி, வாளி வேண்டுமா என்றேன்.
"உனக்கு வைத்துக்கொள்" என்றாள்.

படுத்தேன்.
அடிவயிற்றில்
மூன்றாம் கியர் முரண்டு பிடித்தது.