பூஜ்யங்களின் நோட்டு

படிவத்தில் இரண்டே கட்டங்கள்.
ஒன்று: காணவில்லை.
மற்றது: இல்லை.
சாவி தொலைந்தால் காணவில்லை என்போம்,
பானை ஒழிந்தால் இல்லை என்போம்.
ஒரு பறவைக்கு எதைச் சொல்வது என்று
ஒட்டாவாவில், நான்காம் மாடியில்,
ஆறிய காப்பியைச் சுற்றி
ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறோம்.

வளைந்த அலகு. சிறகடியில் இலவங்கப்பட்டை நிறம்.
லாப்ரடார் கரையில் அது வந்திறங்கினால்
குன்றே கறுத்துப்போகும் என்று
கப்பல்காரர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்.
கறுப்புப் பழம் தின்று தின்று கொழுத்து,
சுட்டு வீழ்த்தினால் தரையில் பட்டு
மார்பு பிளக்குமாம், பிசைந்த மாவு மாதிரி.
மாவுப் பறவை என்றே கூப்பிட்டார்கள்.
பீப்பாய் பீப்பாயாக உப்பிட்டார்கள்.
அந்தப் பழம் இன்னும் பழுக்கிறது.
இன்னும் அதற்கு உள்ளான் பழம் என்றுதான் பெயர்.

என்னிடம் ஒரு சூத்திரம் இருக்கிறது.
கடைசியாக உறுதியாய்ப் பார்த்த ஆண்டு,
அதன்பின் எத்தனை பேர், எத்தனை நாள்,
எங்கே நின்று தேடினார்கள்;
போட்டால் ஒரு தசமம் வரும்.
யாரும் பார்க்காத இடம் கணக்கில் சேராது.
பார்த்தும் காணாத இடம்தான் சேரும்.

அதனால் எனக்கு கார்லண்ட் ரம்போல்ட் வேண்டும்.
நண்டு பிடிப்பவர். முப்பத்தொரு ஆகஸ்ட்
அதே குன்றில், அதே மடக்கு நாற்காலியில்.
செப்டம்பரில் நோட்டு தபாலில் வரும்,
டீசல் வாசனையோடு:
தேதி. காற்று. மூடுபனி. 0.
தேதி. காற்று. 0.
ஒரே ஒருமுறை 1 எழுதி அடித்திருந்தார்.
பக்கத்தில்: "பெரிய இனம். அதன் பங்காளி.
கண்ணில் நீர், காற்றால்."

போன குளிர்காலம் தொலைபேசியில் கேட்டார்,
என் பூஜ்யங்களை வைத்து என்னதான் செய்கிறீர்கள்?
சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.
நீங்கள் தேடிய ஒவ்வொரு நாளும்
அது இல்லை என்பதற்குக் கொஞ்சம் சாட்சி.
வெகுநேரம் அந்தப் பக்கம்
அடுப்பில் எதுவோ கொதிக்கும் சத்தம்.
"அப்போ, நான்தான் கொல்கிறேனா?"
இல்லை என்றேன்.
எந்த இல்லை என்று எனக்கே தெரியவில்லை.

இந்த செப்டம்பரில் நோட்டு வரவில்லை.
கூப்பிட்டேன். அவர் மனைவி வினெட்டா எடுத்தாள்.
நன்றாகத்தான் இருக்கிறார், ஆகஸ்ட் முடிந்தும் இறங்கவில்லை,
இப்போதும் மேலேதான்.
தொலைநோக்கி, நாற்காலி, ரொட்டி எல்லாம் எடுத்துக்கொள்கிறார்.
பென்சிலை மட்டும்
மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறார், தினமும்.

தசமம் போன வருட இடத்திலேயே நிற்கிறது.
மற்ற ஐந்து பேரும் என்னைப் பார்க்கிறார்கள்.
பேனா மூடியைத் திருகிக்கொண்டிருக்கிறேன்.