ஐம்பதுக்கு எழுபது

செல்லாண்டிபாளையத்து யூனிட்டில்
ஏசி போட்ட அறை எங்களுடையது ஒன்றுதான்.
மனுசருக்காக இல்லை, மெசினுக்காக.

அங்கே வந்து திரையில் நின்றாள்:
மரச்செருப்பு, வெள்ளைக் குல்லாய்,
கையில் மாட்டுக் கயிறு.
பின்னால் வைக்கோல் போர் இரண்டு,
மழைக்கு முந்தைய வானம்.
மூலையில் ஒரு கையெழுத்து, பாதி அழிந்தது,
ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தெட்டு.
வரைந்தவன் அமெரிக்காக்காரன்,
பிரான்சுக்குப் படிக்கப் போன பையன்.
செத்து நூறு வருசம் ஆச்சுங்க,
ஆருக்கும் காசு தர வேண்டியதில்லை
என்றாள் மெர்ச்சண்டைசர் கருணாம்பிகை.
பாத்திரம் துடைக்கும் துணி,
ஐம்பதுக்கு எழுபது சென்டிமீட்டர்,
இருபத்திரண்டாயிரம் பீஸ்.

எனக்கு வேலை நிறம் பொருத்துவது.
நானூறு மடங்கு பெரிதாக்கிப் பார்க்கிறவனிடம்
ஒளிக்க முடியாது.
மாட்டின் பின்னங்கால் பையனுக்கு வரவில்லை.
இரண்டு தரம் போட்டு, சுரண்டி,
கடைசியில் முட்டி வரைக்கும்
புல்லை வளர்த்துவிட்டிருக்கிறான்.
கண்ணபுரம் மாட்டுத்தாவணியில்
எங்கள் அப்பன் அதைப்
பாதி விலைக்குத்தான் கேட்டிருப்பார்.

வானத்துக்கு மூன்று சாம்பிள் போனது.
நீலம் கூடுதல் என்றான் பையர்.
அப்புறம் அழுக்காக இருக்கிறது என்றான்.
அழுக்குதான் அது.
படிக்கிற பையன் வாங்கிய மட்டமான வெள்ளை
பழுப்பேறிக் கிடக்கிறது.
அமராவதியில் சாயத்தண்ணி ஓடிய வருசம்
தண்ணிக்குள் தெரிந்த வானத்தை நினைத்துக்கொண்டு
சாம்பலில் மஞ்சளை ஒரு துளி கூட்டினேன்.
ஓகே ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு மெயில்:
வயல் பிரமாதம். மாடு பிரமாதம்.
அந்தப் பெண்ணை எடுத்துவிட முடியுமா?
முகத்தில் சந்தோசம் இல்லை.

பக்கத்துப் புல்லை அள்ளி அவள்மேல் பரப்பினேன்.
செருப்பு போயிற்று, பாவாடை போயிற்று.
குல்லாய் இருந்த இடத்துக்குப்
போரின் ஓரத்தை இழுத்துவிட்டேன்.
முகத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.
கிட்டத்தில் அது ஏழெட்டுத் தீற்றல்,
ஒன்றில் தூரிகையின் மயிர்கூட ஒட்டியிருக்கிறது.
துக்கமெல்லாம் இல்லை அவளுக்கு.
நிற்கச் சொன்ன இடத்தில்
ரொம்ப நேரம் நின்றுவிட்டாள்.
ஆச்சா என்று கேட்கப் போகிறாள்,
அவ்வளவுதான்.
மணி பன்னிரண்டே கால்.
சேவ் பண்ணிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

கயிறு அப்படியே இருந்ததை
மொத்தமும் ஓடி முடித்த பிறகுதான் பார்த்தோம்.
மாட்டின் கழுத்திலிருந்து கிளம்பி
இடுப்பு உயரத்தில், வெறுங்காற்றில்,
விறைப்பாக நிற்கிறது.
பேக்கிங்கில் மாராத்தாள் ஒன்றை விரித்துப் பிடித்து
ஏனுங், மாட்டை ஆருங் புடிச்சிருக்கறது
என்று கேட்டாள்.
வெள்ளியங்கிரி என்னைப் பார்த்தான்.
நான் கார்ட்டன்களை எண்ணினேன்.
தூத்துக்குடிக்குப் போனதில்
ஒரு பீஸ் திரும்பி வரவில்லை.

ஓரம் பிசகிய துணி ஒன்று
என் வண்டிப் பெட்டியில் கிடக்கிறது,
மழை நனைத்த சீட்டைத் துடைக்க.
கயிறு இருக்கும் பக்கத்தை
உள்ளே மடித்துக்கொள்கிறேன்.