ஹாகடோர்ன்

காட்டர்ஸ்லேபன் வயலில்
மீசையில்லாத பார்லிக்கு
ஹாகடோர்ன் என்று பெயர்.
ஆய்வேடுகளில் சாய்வெழுத்து,
முதலெழுத்தும் சிறியது.

கண்டுபிடித்தவள் ரொஸ்விதா.
கட்டுரை அச்சேறிய வருஷம்
ஹாகடோர்னின் மனைவி.
அவன் ஹால்லேயில் பல் மருத்துவன்,
பார்லியைக் குவளையில் மட்டும் கண்டவன்.

விவாகரத்து ஆனதும்
வங்கி, அழைப்புமணி, கடவுச்சீட்டு
ஒவ்வொன்றாய்ப் பிறந்த பெயருக்குத் திரும்பின.
பார்லி வர மறுத்துவிட்டது.

நேற்று ஒரு மாணவன் கேட்டான்:
"ஹாகடோர்ன் இன்னும் இருக்கிறாரா?"

கதிரை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.
"அந்தச் சொல்லுக்கு வேலிமுள் என்று அர்த்தம்.
குத்துகிறதா, பார்."

நான் விதை உறைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
இருநூற்றுப் பதினான்கு.
எல்லாவற்றிலும் அவன் பெயர்,
அவள் கையெழுத்தில்.
ஒன்று கிழிந்திருந்தது.
பெயர் மறையாமல் ஒட்டினேன்.