பதினாறு கட்டம்

ரசீதுப் புத்தகத்தில் இன்னும்
வேலூர் மாவட்டம் என்றே இருந்தது.
ஆம்பூரைப் பிரித்துத் திருப்பத்தூரோடு சேர்த்து
ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது.
புதிது அடிக்கக் காசில்லை.
அச்சகமும் திறக்கவில்லை.

அந்த ஆடியில்தான்
சீசன் டிக்கெட் விற்கப் போனோம்,
பொருளாளர் நானும் செயலாளர் முனவ்வரும்.
முகத்தில் ஷூ லைனிங் துணியில் தைத்த மாஸ்க்,
மூச்சு இழுத்தால் பசை நாற்றம்.

மஞ்சள் அட்டை, முந்நூறு ரூபாய்.
பதினாறு ஆட்டத்துக்குப் பதினாறு கட்டம்.
வாசலில் நின்று ஓட்டை போடுவது என் வேலை.
கம்பெனியில் பெல்ட்டுக்குப் போடும் அதே பஞ்ச்,
மூன்றாம் நம்பர் பல்.

‘ஆட்டம் நடக்குமா இன்னா?’
கேட்காத வீடில்லை.
முனவ்வருக்குப் பொய் வராது.
கஸ்பாவில் இன்ஷா அல்லா என்றான்.
சர்ச் தெருவில் கர்த்தர் சித்தம் என்றான்.
கோதண்டம் வீட்டு வாசலில்
முருகன் கையில் இருக்கு என்றான்.
மூன்று பேர் பொறுப்பில்
முன்பணம் வாங்கினோம்.

மைதானக் குத்தகை எண்பதாயிரம்.
நிலத்துக்காரர் வாணியம்பாடியில் இருக்கிறார்.
கொரோனா அவருக்கும் தெரியும்,
தேதியும் தெரியும்.
கோலாரிலிருந்து வந்த இரண்டு பையன்கள்
ஊர் திரும்ப வழியில்லாமல்
கிளப் ரூமில் வலையை விரித்துப் படுத்திருந்தார்கள்.
அவர்களுக்கு அரிசி.
புல்லுக்கு டேங்கர் தண்ணீர்.

‘பசிக்கிறவன்கிட்ட
நாளைக்குப் போடாத இலைக்கு
இன்னைக்கே காசு வாங்குறியே’ என்றான் மச்சான்.
பதில் இல்லை.
அவனுக்கும் ஒன்று கிழித்தேன்.

நூற்று நாற்பத்து மூன்று அட்டை போனது.
வாங்கியதில் பாதிக்கு மேல்
பாதிச் சம்பளக்காரர்கள்.

இருபத்தேழாம் நம்பர் ஏசுபாதம்.
கார்னர் கொடிக்குப் பக்கத்தில்
சவுக்குக் கம்பு கேலரியின் கடைசிப் படி
அவனுடையது.
நோட்டை எண்ணி வைத்துவிட்டுச் சொன்னான்:
‘நாலு மாசமா யாரையும் திட்டலய்யா.
லைன்மேனைத் திட்டணும்.
அதுக்கு முந்நூறு கம்மிதான்.’

ஆவணியில் அவனை வேலூருக்குக் கொண்டுபோனார்கள்.
பள்ளிகொண்டா டோல்கேட் வரைக்கும்
பேசிக்கொண்டே வந்தானாம்.
என்ன பேசினான் என்று யாரும் சொல்லவில்லை.

சீசன் நடக்கவில்லை.
புல் மட்டும் நன்றாக வந்தது.

தை மாதம் ரோஸ்லின் வந்தாள்,
கையில் இருபத்தேழு.
பணம் திரும்ப வேண்டுமென்றால்
அட்டையை ஒப்படைக்க வேண்டும்:
விதி நான் எழுதியது,
ரூமில் ஒட்டியிருக்கிறது, என் கையெழுத்தோடு.
அவள் அதைப் படித்தாள்.
முழுக்கப் படித்தாள்.
‘காசு குடு’ என்றாள்.
‘அட்டையையும் நான் வச்சிக்குவேன்.’

கொடுத்தேன்.
கணக்கில் வலை ரிப்பேர் என்று எழுதினேன்.
அந்த வலையைத் தணிக்கைக்கு வந்த கோதண்டம்
இரண்டு முறை விரலால் தொட்டுப் பார்த்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு வருஷம் கழித்து
முதல் ஆட்டத்துக்கு வரிசையில் நின்றாள்.
புது அட்டைகள் பச்சை.
அவள் கையில் மஞ்சள்,
ஒரு மூலையில் எண்ணெய்க் கறை.
செல்லாது.
காசும் திரும்பிப் போன அட்டை.
பின்னால் நின்றவர்கள்
‘சீக்கிரம் போட்டு வுடுய்யா’ என்றார்கள்.

பஞ்சை அழுத்தினேன்.
வட்டத் துணுக்கு பறந்து
எங்கோ செருப்புகளுக்குள் விழுந்தது.

கடைசிப் படியில் உட்கார்ந்து
என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள்:
‘இதுல நம்முது எந்தப் பக்கம்?’
ரயில் பாதைப் பக்கக் கோலைக் காட்டி
‘அதுல நாம போடணும்’ என்றேன்.
சரி என்று தலையை ஆட்டினாள்.

இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியது.
நான் வசூலை எண்ணிக்கொண்டிருந்தேன்,
அவளிடம் யாரும் சொல்லவில்லை.
ஐந்து மணி பாசஞ்சர் கடந்து போகும்போதும்
ரயில் பாதைப் பக்கத்தையே
பார்த்துக்கொண்டிருந்தாள்.