தோள்வலி

திங்கட்கிழமை நான்தான் பார்த்தேன்.
ஏழு வாரம். கர்ப்பப்பைக்குள் பை,
பைக்குள் துடிப்பு, நிமிடத்துக்கு நூற்று நாற்பது.
திரையை அவள் பக்கம் திருப்பி
நல்லா இருக்கும்மா என்றேன்.
ஜெல்லைத் துடைக்கத் துணி கொடுத்தேன்.
வெளியே இன்னும் பதினேழு பேர்.

வலப்பக்கம் அடிவயிறு இழுக்குது என்றாள்.
வாயு என்றேன்.
தேடியது கிடைத்ததும்
கை தானாக நின்றுவிடுகிறது.

வியாழன் இரவு, சின்ன ஏர்வாடியிலிருந்து
நூற்றெட்டில் வந்து இறங்கினாள் நம்புசெல்வி.
கீழிமையை இழுத்துப் பார்த்தேன்:
வெளுத்துப்போன பவளப்பாறை.
வயிற்றை விட்டுவிட்டு
வலது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பாசி மூட்டை சுமந்த வலி என்று
சீட்டில் யாரோ எழுதியிருந்தார்கள்.
நானும் தலையாட்டியிருப்பேன்.
அவள்தான், உதடு ஒட்ட ஒட்ட,
"தடைக்காலம் டாக்டர்.
கடல்ல எறங்கி இருபது நாளாச்சு.
நான் ஒண்ணும் தூக்கல" என்றாள்.

சுமக்காத தோள் வலித்தால்
வயிற்றுக்குள் கசிந்த இரத்தம்
ஈரலைத் தாண்டி மேலே முட்டுகிறது.
படித்ததுதான். பரீட்சையில் எழுதி
மதிப்பெண்ணும் வாங்கியதுதான்.

மறுபடி கருவியை வைத்தேன்.
உள்ளிருந்தது அப்படியே இருந்தது, துடித்துக்கொண்டு.
இந்த முறை அதைத் தாண்டிப் போனேன்.
வலது கருக்குழாயில்
இன்னொரு வளையம்.
சுற்றிலும் கறுப்பு, எல்லாம் இரத்தம்.
வளையத்துக்குள்ளும் ஒரு துடிப்பு.
அதை நான் எண்ணவில்லை.

ஊசியால் கரைக்க வழியில்லை.
அந்த மருந்துக்கு
எந்தக் கரு எதுவென்று தெரியாது.
திறந்துதான் எடுக்க வேண்டும்,
கர்ப்பப்பையில் கை படாமல்.

புருஷன் நீண்டகரையில், கூலிக்குப் படகேறியிருந்தான்.
போன் அடித்து அடித்து ஓய்ந்தது.
பாறை கிழித்த விரல்களால்
அவளே கையெழுத்துப் போட்டாள்,
இன்ஷியலோடு, முழுப்பெயர்.

ஒன்றரை லிட்டர் உறிஞ்சினோம்.
மூன்று பாட்டில் ஏற்றினோம்.
குழாயைக் கட்டி வெட்டி எடுத்து
தட்டில் வைத்தபோது யாரும் பேசவில்லை.
ஏசி மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை சக்கர நாற்காலியில் ஸ்கேனுக்கு வந்தாள்.
நூற்று ஐம்பத்திரண்டு.
சொன்னேன். சிரிக்கவில்லை.

"திங்கக்கெழமையும்
அது அங்கதான் இருந்துச்சா?"

தண்ணீருக்கடியில் மூச்சடக்கிப் பழகியவள்.
பதிலுக்கு அவளால் எவ்வளவு நேரமும்
காத்திருக்க முடியும்.

இருந்தது என்றேன்.

கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தாள்.
பிறகு திரையைத் தன் பக்கம்
தானே இழுத்துத் திருப்பிக்கொண்டு சொன்னாள்:
"வலது பக்கமும் காட்டுங்க.
ஒண்ணுமில்லேன்னாலும் பரவாயில்ல."