பிற்பாட்டு மைக்

கொக்கட்டிச்சோலைச் சந்தி. விடிய அஞ்சேகால்.
இரா முழுக்கக் கூத்துப் பார்த்த கண்கள்
தேத்தண்ணிக் கடை வாங்கில் சிவந்து கிடக்கின்றன.
நான் வயர் சுற்றிக்கொண்டிருக்கிறேன்,
முழங்கைக்கும் பெருவிரலுக்கும் இடையில்
இருநூறு அடி.
கேட்கிறேன். கேட்பதுதான் என் தொழில்.

"ராசாவெண்டா சிவனேசராசாதான் கா.
அந்த மூண்டு மணி விருத்தம்!
எனக்கு மயிர் குத்திட்டு நிண்டிச்சு."
இது கதிராமப்போடி. முன்வரிசைப் பாயில்
வாய் பிளந்து நித்திரை கொண்டு
அந்த விருத்தத்துக்கு மட்டும் எழும்பியவர்.

"என்ன விருத்தம்? எட்டுப் போடக்குள்ள
நாலோட நிண்டுட்டான் மனுசன்.
மகிழடித்தீவில பாத்திருக்கணும் நீ அவன,
கரப்புடுப்போட சுழண்டா
காத்துக்கே பந்தம் அணையும்."
மோகனதாஸ், உழவு மெசின் சாரதி.
ஆரையாவது வையாமல்
அவருக்குத் தேத்தண்ணி இறங்காது.

மறுகா எல்லாரும் சேர்ந்து மந்திரியைப் பிடித்தார்கள்:
மைக்குக்கு முன்னால பாடாம
மைக்குக்குள்ள பாடுறான்.
ராணிக்கு ஏன் பொம்புளப் புள்ள?
"மீச வழிச்ச மாமாமாரப் பாத்து
எங்களுக்கு அலுத்துட்டு" என்கிறான் கேதீசன்,
வந்தாறுமூலையில் இரண்டாம் வருடம்.
"இனி ரெண்டு மணித்தியாலம் போதும் அங்கிள்,
டவுன் மண்டபத்தில, கதிரை போட்டு."
"கதிரையா?" என்றார் போடியார்.
அந்தச் சொல்லைத் துப்பிவிட்டு
வாங்கிலிருந்து நிலத்தில் குந்தினார்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவு:
இரண்டு ஐம்பதுக்கு ராசாவின் கொலர் மைக்
வேர்வையில் செத்தது.
அதற்கு முன்னமே குரல் போயிற்று.
ஹெட்போனில் காற்று மட்டும் வந்தது,
ஓட்டைப் பந்தை நசித்தால் வருமே, அது.
நாலாம் குமிழை மேலே தள்ளினேன்.
நாலாம் குமிழ் பிற்பாட்டு.
சல்லாரிக்குப் பக்கத்தில், தலையில் துவாயோடு,
டயர் ஒட்டுகிற கெங்காதரன்.
அண்ணாவியார் என்னையும் பார்க்கவில்லை
அவனையும் பார்க்கவில்லை.
மத்தளத்தில் ஒரு தட்டுக் கூடத் தட்டினார்.
அதுதான் உத்தரவு.

காடு போகும் ராசா பிள்ளையைப் பிரிகிற கட்டம்.
ராசா வாயைத் திறந்தார்.
கெங்காதரன் பாடினான்.
பாயில் மூக்குறிஞ்சும் சத்தத்துக்கு
என் மீற்றர் முள் ஆடியது.

இப்போது அவன் கடை மூலையில்,
உள்ளங்கைச் சீனியை நக்கி நக்கி
சாயத் தேத்தண்ணி குடிக்கிறான்.
"நீ கிட்டத்தானே நிண்ட நீ,
எப்பிடி அந்த விருத்தம்?"
யோசிக்கிறான். உண்மையாகவே யோசிக்கிறான்.
"நல்லம். மூண்டாவது வரியில
கொஞ்சம் கீழ போயிட்டு."

போடியார் எழும்பிவிட்டார்.
"சிவனேசராசாக்கா? கீழயா?
பின்னால நிண்டு இழுக்கிறவனுக்கு
என்னடா தெரியும்?"
"ஓம் போடியார்" என்றான்,
மிச்சச் சீனியையும் நக்கினான்.

வெளியே, மீன்பெட்டி கட்டிய சைக்கிளில்
ஒற்றைக்கால் ஊன்றி வன்னமணி.
பணிசுக்கு மிச்சக்காசு வாங்கி எண்ணியபடி
ஒருவரையும் பாராமல் சொன்னாள்:
"கீழ போகல்ல. அது மூச்செடுத்த இடம்.
டயருக்குக் காத்தடிக்கிறவன்ட மூச்சு."

மிதித்தாள், மண்முனைப் பாலத்துப் பக்கம்.
கடை சிரித்தது, ஏதோ பகிடி என்று.
கெங்காதரன் சிரிக்கவில்லை.
பெடல் சத்தம் தேயும்வரை
கிளாசைக் கீழே வைக்கவுமில்லை.

எண்ணிவந்த சுற்று எனக்கு மறந்துபோயிற்று.
அவிழ்த்துவிட்டு
முதலிலிருந்து சுற்றினேன்.